கந்தல் சுருட்டிய வழக்கு

பட்டறை எரிந்த அன்று சாயங்காலமே அண்ணன் தச்சர் காவல் நிலையத்துக்குப் போய், தீ வைத்தவன் தன் தம்பிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்தார் என்பதும் சரியில்லை. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அவர் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார். எழுதி முடித்ததைத் தச்சர் படித்துக் காட்டச் சொன்னார்.

"நான் சொன்னதப் படிக்கிறியா, உன் இஷ்டத்துக்கு எழுதினதப் படிக்கிறியா?" என்று கேட்டார். ஏட்டு பேனாவை மூடிவைத்துவிட்டு முறைத்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே சந்தேகம். "சந்தேகம் வர்றாரு பாரு" என்பார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால், "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா இதத்தான் போடுவீங்களா?" என்று கேட்பார். சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தாலும் முற்றத்துக்கு வந்து வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். மரக்கடைக்காரர் அளந்து போட்ட பலகையை அங்கேயே ஒரு தரம், வண்டியில் ஒரு தரம், பட்டறையில் ஒரு தரம் அளப்பார். கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இதுதான் காரணம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யாகவும் இருக்கலாம்.

இத்தனைக்கும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் சோதித்ததில்லை. தம்பி எண்ணெய் பூசி, மெருகேற்றி நிறுத்தின சாமானைக் கையால் தடவிக்கூடப் பார்க்கமாட்டார். நேராக வண்டியில் ஏற்றச் சொல்லிவிடுவார். அண்ணன் அறுத்து, இழைத்து, பொருத்துவார். தம்பி தேய்த்து, எண்ணெய் பூசி, நிறம் கொடுப்பார். முப்பத்துநான்கு வருஷம் இப்படித்தான் போயிற்று.

சண்டை ஒரு சாப்பாட்டு மேசையால் வந்தது. நல்ல தேக்கு. அண்ணன் இரண்டு வாரம் இழைத்தது. தம்பி அதைக் கருப்பாக்கிவிட்டார்.

"என்னடா இது, மரத்தோட மூஞ்சியில கரியப் பூசி வெச்சிருக்க?"

"டீச்சரம்மாதான் இருட்டா வேணும்னாங்க, அண்ணே."

"அவங்க கேப்பாங்க. உனக்குக் கண்ணு எங்க போச்சு? ரேகை ஒண்ணாவது தெரியுதா? இதுக்கு நான் தகரத்துல செஞ்சு குடுத்திருப்பேன்."

மேசையைப் பார்க்க வந்த டீச்சரம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் பேசியதுதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியைத் தரையில் எறிந்தார்.

"நீயும் உன் பட்டறையும். ஒரு நாள் நானே இதக் கொளுத்திட்டுப் போறேன் பாரு."

சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்போது காலை ஒன்பது மணி. அண்ணன் கோபத்தில் தம்பியின் மூலையைக் கூட்டிப் பெருக்கி, அவர் விட்டுப் போனதையெல்லாம் ஒதுக்கிவைத்தார். மத்தியானம் வரை ஒற்றை ஆளாக இழைத்தார். சாப்பிட்டு மாடி அறையில் கண்ணயர்ந்தபோது, கீழிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே புகை உருண்டு உருண்டு வந்தது.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் பாதிக் கொட்டகை போய்விட்டது. மேசையும் போயிற்று. வீட்டுக்கும் பட்டறைக்கும் பொதுவான சுவர் சுடச்சுட நின்றது. கூட்டத்தில் டீக்கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒரு மணி இருக்கும். சின்னவர் பின் சன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. கையில தீப்பெட்டி. இவருதான் பீடிகூடப் பிடிக்கமாட்டாரேன்னு பார்த்தேன்."

அண்ணனுக்கு அதுவே போதும்.

*

தம்பி குடும்பம் கீழே, அண்ணன் மாடியில். சமையல் ஒன்றுதான். புகார் கொடுத்த அன்றைக்கும் தம்பி மனைவி தட்டை எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். சோறு, பருப்பு, ஒரு அவித்த முட்டை.

"எழுதிக் குடுத்துட்டீங்களாமே, பெரியத்தான்."

"ஆமா."

"சரி. தண்ணி செம்புல இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். தட்டு அவர் முன்னால் சும்மா இருந்தது. முட்டை நேற்றைப்போலவே உரித்து, உப்புத் தொட்டு வைத்திருந்தாள். அதுதான் அவரைச் சாப்பிட விடவில்லை.

ராத்திரியே தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அவளே மறுபடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தேன்."

"என்ன சொல்றான்? நான் இல்லைன்னு சத்தியம் பண்றானா?"

"இல்ல. நான்தான்னு வெச்சுக்குங்கன்னு சொல்லிட்டாராம். அதுக்கு மேல வாயே தொறக்கலையாம்."

பெரியவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"பொய் சொல்றான்."

"நேத்து நீங்கதான் அவர்தான்னீங்க."

"நேத்து நான் சொன்னது வேற. அவன் சொல்றது வேற. இவன் எட்டு வயசுல கண்ணாடி டம்ளர ஒடச்சிட்டுப் பூனை தட்டிவிட்டுடுச்சுன்னான். வீட்டுல பூனையே கெடையாது. செஞ்சத ஒத்துக்கற ஆளா இவன்?"

"அப்ப செய்யலன்னு சொல்றீங்களா?"

"செய்யலன்னு எங்க சொன்னேன்? ஒத்துக்கறான், அதனால சந்தேகமா இருக்குன்னு சொல்றேன்."

தம்பி மனைவி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டாள். பெரியவர் உளியையும் ஒரு சின்னக் கத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பட்டறை ஈரக்கரி வாசனை அடித்தது. தண்ணீரும் சாம்பலும் சேர்ந்து தரை முழுக்கக் கருஞ்சேறு. அவர் முதலில் பின் சன்னலுக்குப் போனார். தம்பி அங்கே நின்று குச்சியைக் கிழித்திருந்தால் முதலில் வெந்திருக்க வேண்டியது சன்னல் கட்டை. அது கன்னங்கரேல் என்றுதான் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். மரத்தின் நிறம் பளிச்சென்று வந்தது. கத்தியால் சுரண்டினார். உள்ளே வெள்ளை. புகை அடித்திருக்கிறது, நெருப்புத் தொடவில்லை.

பிறகு ஒவ்வொரு தூணாகச் சுரண்டிக்கொண்டே நடந்தார். மரத்தை அவருக்குப் படிக்கத் தெரியும், காகிதம்தான் தெரியாது. முன்பக்கத் தூணில் அரை விரற்கடை கரி. நடுத்தூணில் முக்கால். தம்பியின் மூலைக்கு வரவரக் கரி ஆழமாகிக்கொண்டே போயிற்று. மூலையில் பெஞ்சுக்கு அடியில் பழைய ஆணிப்பெட்டி கிடந்தது. அவர் தொழில் பழகின காலத்தில் செய்த மரப்பெட்டி. மூடி சரியாகப் பொருந்தாது, ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளி விடும். அதைப் புரட்டிப் பார்த்தார்.

பெட்டியின் வெளிப்பக்கம் வெந்திருந்தது. உள்பக்கம் அதைவிட மோசம். மூடியின் அடிப்பக்கத்தில் கத்தி கட்டைவிரல் ஆழத்துக்குக் கரியில் இறங்கிற்று.

வெளியிலிருந்து வந்த நெருப்பு வெளியேதான் அதிகம் தின்னும். இது உள்ளிருந்து கிளம்பியிருக்கிறது.

உள்ளே என்ன இருந்தது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சண்டை போட்ட காலையில், தம்பி காயப்போடாமல் விட்டுப் போன எண்ணெய்த் துணிகளை, ஏழோ எட்டோ, அவர்தான் ஒன்றாகச் சுருட்டி அந்தப் பெட்டியில் திணித்தார்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தம்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, முற்றத்துக் கொடியில் ஒன்றோடொன்று படாமல் காயப்போடுவார். மழையென்றால் தண்ணீர் வாளியில் முக்கிவைப்பார். முப்பத்துநான்கு வருஷமாக ஒரு நாள் தவறாமல். வருகிறவர்கள் எல்லாம் ஏன் என்று கேட்பார்கள். அண்ணன், "எங்க வீட்டுல கந்தலுக்குக் கூட மரியாத" என்று கேலி செய்வார். தம்பி ஒவ்வொரு தரமும் ஒரே பதில்தான் சொல்வார்.

"இந்த எண்ணெய் காயறப்போ சூடாகும், அண்ணே. சுருட்டி வெச்சா சூடு உள்ளேயே நின்னு தானா பத்திக்கும்."

"தானா பத்திக்குமாம். குச்சி யார் கிழிப்பா, எண்ணெயா?"

*

வக்கீலம்மாவின் அலுவலகம் மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. சின்ன வயசுப் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரி அண்ணன் தம்பி செய்ததுதான். பெரியவர் உட்கார்ந்ததும் முதலில் அலமாரியைத்தான் பார்த்தார். நடுப்பலகை தொய்ந்திருந்தது.

"புகார வாபஸ் வாங்கணும்."

"முடியாதுங்கய்யா."

"நான் குடுத்தத நானே வாங்கிக்க முடியாதா?"

"பக்கத்து வீட்டுக்காரர் திட்டினாருன்னு குடுத்திருந்தீங்கன்னா சமாதானமாப் போகலாம். தீ வெச்ச வழக்குல நீங்க வெறும் சாட்சி. வழக்கு அரசாங்கத்துது."

"எரிஞ்சது என் பட்டறைம்மா."

"உங்க பட்டறையோட நிக்காதுங்களே நெருப்பு. பக்கத்து வீடு, அதுக்குப் பக்கத்து வீடுன்னு போகும். அதனால ஊரே வந்து நிக்கும் வழக்குல." தும்மினாள். "அதுவும் குடியிருக்கிற வீட்டோட ஒட்டின கட்டடம். உள்ள நீங்க தூங்கிக்கிட்டு இருந்திருக்கீங்க. தண்டன ரொம்ப வருஷம் போகும்."

பெரியவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மரம் வாங்கப் போகிறவர்போலக் கேட்டார்.

"எது எது இருந்தா அது தீ வெச்ச குத்தம்? ஒண்ணு விடாம சொல்லு."

"முதல்ல எரிஞ்சிருக்கணும். கரிப்புகை படிஞ்சா போதாது, பொருளே கொஞ்சமாவது கருகியிருக்கணும்."

"கருகியிருக்கு. கட்டைவிரல் ஆழம். நான் சுரண்டிப் பார்த்தேன்."

"நீங்களே சாட்சிய சுரண்டினீங்களா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "சரி, விடுங்க. அப்புறம், பிறத்தியார் சொத்தா இருக்கணும். இல்ல, பிறத்தியாருக்கும் பங்கு இருக்கணும்."

"பட்டறையில பாதி அவனுது."

"மீதிப் பாதி உங்களுது. உள்ள இருந்த மேசை டீச்சருது."

"அவன் பாதிய மட்டும் கொளுத்த முடியாதோ."

"நெருப்புக்குப் பாகப்பிரிவின தெரியாதுங்கய்யா."

பெரியவருக்கு அது பிடித்திருந்தது. இருந்தாலும் சிரிக்கவில்லை.

"இன்னும்?"

"ஒருத்தரோட செய்கையால தீ வந்திருக்கணும். மின்னல் விழுந்தோ கரண்டுக் கோளாறாலயோ எரிஞ்சா யார் மேலயும் குத்தமில்ல. கடைசியா மனசு. அதுதான் முக்கியம். கை தவறி விளக்கு விழுந்து எரிஞ்சா அது விபத்து. எரியணும்னு நெனச்சு செஞ்சிருக்கணும். செய்கையும் மனசும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்."

"மனச எப்படிம்மா பாப்பீங்க? மூடியத் தொறந்தா?"

"வெளிய தெரியறத வெச்சுத்தான். என்ன பேசினாரு, எங்க நின்னாரு, கையில என்ன இருந்தது."

"கொளுத்துவேன்னான். சன்னல்கிட்ட நின்னான். கையில தீப்பெட்டி."

"போதாததுக்கு நான்தான்னு வேற சொல்லிட்டாரு."

பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெட்டியையும் துணியையும் பற்றிச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். வக்கீலம்மாவுக்கு வந்த தும்மல் பாதியில் நின்றுவிட்டது.

"தானா பிடிக்கும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"அவன் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நல்லா கேட்டுக்குங்க. எரியணும்னு நெனச்சிருக்க வேணும்கிறதுகூட இல்ல. எரிஞ்சுடும்னு தெரிஞ்சே செஞ்சிருந்தாலும் அதே குத்தம்தான். இத நீங்க ஸ்டேஷன்ல சொன்னீங்கன்னா அவர் வெளிய வரலாம். நீங்க உள்ள போகலாம்."

பெரியவர் எழுந்தார். அலமாரிக்குப் போய் நடுப்பலகையைக் கீழிருந்து கையால் தாங்கிப் பார்த்தார்.

"இதுக்கு நடுவுல ஒரு முட்டு குடுக்கணும். நான் வர நாளாச்சுன்னா வேற ஆளக் கூப்பிட்டுச் செஞ்சுக்க. ஆணி அடிக்க விடாத. திருகாணி போடச் சொல்லு."

*

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் பெரியவர் ஒரு மரப்பெட்டி, ஒரு சின்ன எண்ணெய்த் தகரம், எட்டுப் பழைய பனியன் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் நின்றார். பனியன்கள் தம்பியுடையவை. தம்பி மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

நிலைய அதிகாரிக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. எதற்கும் அவசரப்படாத ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெட்டியைப் பார்த்தார்.

"வாயால சொன்னா போதும் பெரியவரே. எழுதிக்கறோம்."

"வாயால சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"ஏன், நம்பமாட்டேனா?"

"நான் முப்பது வருஷம் நம்பல. நீங்க மட்டும் ஒரு நிமிஷத்துல நம்பினா எனக்கு உங்க மேலயே சந்தேகம் வரும்."

அதிகாரி ஏட்டைப் பார்த்தார். ஏட்டு இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நிலையத்துப் பின்முற்றத்தில், தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே பெட்டியை வைத்தார்கள். பெரியவர் பனியன்களில் எண்ணெயை நனைத்து, பிழிந்து, ஒன்றாகச் சுருட்டித் திணித்து மூடினார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பெட்டி சும்மா இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அன்னிக்கு ஒன்பதுக்கு வெச்சேன். ரெண்டுக்குப் புகை வந்துச்சு."

"அஞ்சு மணி நேரமா?" என்றார் அதிகாரி. நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

பதினோரு மணிக்குத் திறந்து பார்த்தார்கள். துணி துணியாகவே இருந்தது. பன்னிரண்டுக்கு ஏட்டு கையை விட்டுப் பார்த்தார். "என் வீட்டு டீ இதவிடச் சூடா இருக்கும்" என்றார். பெரியவருக்கு வேர்த்துவிட்டது. உள்ளே கம்பிக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. நான்தான் என்று சொன்னதற்குப் பிறகு அவர் பேசின முதல் பேச்சு.

"அண்ணே, அழுத்தித் திணிச்சியா?"

"பின்ன? அன்னிக்கு மாதிரிதான்."

"அன்னிக்குக் கோவத்துல திணிச்சிருப்ப, தாறுமாறா. இன்னிக்குக் கவனமா மடிச்சு வெச்சிருப்ப. காத்துப் போகாம எப்படிச் சூடாகும்? கொஞ்சம் தளர்த்திவிடு."

"எனக்கு நீ சொல்லித்தராத."

"சொல்லித்தராமதான் பட்டறை போச்சு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஆள வெளிய கூட்டிட்டு வா" என்றார். தம்பி வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினார். துணிகளை வெளியே எடுத்து உதறி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் தெளித்து, பஞ்சுபோலப் பூக்கச் சுருட்டி உள்ளே வைத்தார். மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்தார். தாடி வளர்ந்து ஆள் இளைத்துப் போயிருந்தார். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணிக்குத் தம்பி மனைவி அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒரே பாத்திரம்தான். "தனித்தனியா கட்டியார எனக்கு நேரமில்ல" என்று சொல்லி இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்துவிட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பெரியவர் ஒரு முட்டையை எடுத்துத் தம்பி பக்கம் தள்ளினார்.

"ஏன்டா நான்தான்னு சொன்ன?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

தம்பி முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே போனேன், அண்ணே."

"எங்க?"

"சன்னலுக்கு. தீப்பெட்டி வாங்கிக்கிட்டுத்தான் போனேன். டீச்சர் முன்னால அப்படிப் பேசிட்டியேன்னு. குச்சியக்கூட எடுத்துட்டேன். உள்ள எட்டிப் பார்த்தேன். நீ ஒத்த ஆளா அந்த நீளப் பலகைய இழைச்சுக்கிட்டு இருந்த. அந்தப் பக்கம் பிடிக்க ஆளில்ல. இழைப்புளி தட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்படியே வந்துட்டேன்."

"கிழிக்கலையே?"

"கிழிக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு எரியுதுங்கறாங்க. நான் நெனச்சதுதான் எரிஞ்சுதோன்னு ஆயிடுச்சு. எப்படி இல்லைன்னு சொல்றது?"

பெரியவர் பருப்பையும் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"பலகை கோணலாத்தான் போச்சு," என்றார். "ஒத்தையில இழைச்சா அப்படித்தான்."

"பார்த்தேன்."

"கருப்பு நிறம்கூட அவ்வளவு மோசமில்ல. அன்னிக்கு நீ போனப்புறம் வெயில்ல வெச்சுப் பார்த்தேன். ரேகை தெரிஞ்சுது."

"எரிஞ்சப்புறம் சொல்றியா?"

இதற்குள் ஏட்டு மூக்கை உறிஞ்சினார். "சார், ஏதோ வாட வருது." புளித்த எண்ணெயைக் காய்ச்சினமாதிரி ஒரு நெடி. அண்ணனும் தம்பியும் சேர்ந்தாற்போல எழுந்தார்கள். மூடி இடுக்கிலிருந்து நூல்போலப் புகை கிளம்பிற்று. அதிகாரி நாற்காலியை விட்டு இறங்கி, பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்து உடனே எடுத்துக்கொண்டார். தம்பி ஒரு குச்சியால் மூடியைத் தள்ளினார். காற்றுப் பட்டதும் நடுவில் இருந்த பனியன் செவசெவ என்று கனிந்து, குப்பென்று பிடித்துக்கொண்டது.

"குச்சி யாரும் கிழிக்கலையே," என்றார் அதிகாரி, தனக்குத்தானே.

"எண்ணெய்தான் கிழிச்சது," என்றார் தம்பி, அண்ணனைப் பார்த்து.

ஏட்டு இரண்டு வாளியையும் கவிழ்த்தார்.

*

அதோடு முடியவில்லை. அதிகாரி மேசைக்கு வந்து காகிதத்தை எடுத்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"தம்பி உங்ககிட்ட இத முன்னாடி சொல்லியிருக்காரா?"

தம்பி குறுக்கே புகுந்தார். "இல்லைங்க. நான் சொன்னதே இல்ல."

"சும்மா இருடா, பூனைக்காரா," என்றார் பெரியவர். "சொன்னாங்கய்யா. எத்தனையோ தரம் சொன்னான்."

"அப்ப எரியும்னு தெரிஞ்சுதான் சுருட்டி வெச்சீங்களா?"

தம்பி மனைவி கதவோரம் நின்றாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் சொன்னான். நான் நம்பல. அவ்வளவுதான்."

"ஏன் நம்பல? தொழில் தெரிஞ்ச ஆள், கூடப் பிறந்தவர்."

"நான் யார் சொல்றதையும் நம்பறதில்ல. பழக்கம். இப்ப நீங்க என்ன எழுதறீங்கன்னுகூட எனக்கு நம்பிக்கையில்ல."

அதிகாரி ஏட்டைப் பார்த்தார்.

"அது உண்மைதாங்கய்யா," என்றார் ஏட்டு. "அன்னிக்கு அவர் சொன்னதையே எழுதிட்டு அவருக்கே படிச்சுக் காட்டினேன். அதையும் நம்பல."

"நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷமாச்சுங்க," என்றாள் தம்பி மனைவி. "உப்புப் போட்டிருக்கேன்னு சொன்னா இன்னி வரைக்கும் நக்கிப் பார்த்துட்டுத்தான் சாப்பிடுவாரு. தெருவுல யார வேணும்னாலும் கேளுங்க. அவரோட பேரே சந்தேகம்."

"பெரியத்தானோட மானத்த இப்படியா வாங்குவ?" என்றார் பெரியவர்.

"உங்களக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். பேசாம இருங்க."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். நம்பாத மனிதருக்குத் தெரிந்திருந்தது என்று எப்படிச் சொல்வது என்று ஒரு தரம் வாய்விட்டே சொல்லிக்கொண்டார். தீயணைப்புக்காரர்களின் அறிக்கையோடு சேர்த்து, விபத்து என்று மேலே அனுப்புவதாகவும், கோர்ட் அதை ஏற்றுக்கொள்கிற வரை இரண்டு பேரும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னார்.

"நாங்க எங்க போறது? கூரை போடணும்," என்றார் பெரியவர். எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்லலாமா என்று யோசித்தார். தம்பி மனைவி பார்த்த பார்வையில் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

வெயில் சாய்ந்த பிறகு மூன்று பேரும் நடந்தே வந்தார்கள். தம்பி கரிந்த பெட்டியைத் தலையில் வைத்திருந்தார். மருந்துக்கடை முக்கு வந்ததும் பெரியவர் நின்றார்.

"வக்கீலம்மா சொன்னா. செய்யற கையும் நெனைக்கிற மனசும் ஒரே ஆள்கிட்ட இருந்தாத்தான் குத்தமாம்."

"செஞ்சது நீ. நெனச்சது நான்," என்றார் தம்பி.

"அதான். நீயும் நானும் ஒரே ஆளா இருந்திருந்தா மாட்டியிருப்போம்."

முன்னால் போய்க்கொண்டிருந்த தம்பி மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரே ஆள்தான். போலீசுக்குத்தான் தெரியல," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி குளிக்கப் போனார். பெரியவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். காலையில் எண்ணெய்க் கையைத் துடைத்த கைக்குட்டை உள்ளே சுருண்டு கிடந்தது. வெளியே எடுத்து, முற்றத்துக்குக் கொண்டுபோய், நாலு மூலையும் இழுத்து விரித்துக் கொடியில் போட்டார். திரும்பி இரண்டு படி ஏறினார். மறுபடி இறங்கி வந்து கைக்குட்டையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"என்ன பண்ற, அண்ணே?" என்று குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"சூடு இருக்கான்னு பாக்கறேன்."

"விரிச்சுப் போட்டா சூடாகாது. சொல்லியிருக்கேனில்ல?"

"சொல்லியிருக்க," என்றார் பெரியவர். சொல்லிவிட்டு, இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தார்.